மடித்த பாதி

கன்னியைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவதற்கு எங்கள் வீட்டில் சட்டதிட்டங்கள் உண்டு. மடியில் வைத்துக்கொள்ளலாம், காலடியில் வைக்கக் கூடாது. முகம் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். வழியில் எதையும் வாங்கித் தின்னக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக் குடும்ப வீட்டு வாசல்வரை வந்து, என் கணவரின் மூத்த அண்ணன் மனைவி முத்துப்பேச்சி அக்கா இவ்வளவையும் சொல்லித்தான் என்னை அனுப்பி வைத்தாள். காலையிலிருந்து ராஜபாளையத்தில் வகுப்பு வகுப்பாகக் கத்திவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்து, அதே ராஜபாளையத்துக்கே திரும்பப் படத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவளுக்குப் பால்கோவா தின்னத் தெம்பு ஏது.

பஸ்ஸில் நிற்கவே இடமில்லை. கண்டக்டர் என் கையிலிருந்த துணி மூட்டையைப் பார்த்து, "கண்ணாடியாம்மா?" என்றார். "சாமி படம்" என்றேன். உடனே ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். இடம் கன்னிக்குத்தான் கிடைத்தது. அவள் என் மடியில் இருந்ததால் நானும் உட்கார முடிந்தது.

கன்னி என்பது என் கணவருடைய அக்கா. பெயர் மாரீஸ்வரி. பத்தொன்பது வயதில், கல்யாணம் ஆகுமுன் இறந்துபோனாள். நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வருவதற்கு ரொம்ப வருஷம் முந்தி. மஞ்சள் காமாலை என்று எனக்குச் சொன்னார்கள். கல்யாணம் ஆகாமல் செத்த பெண்ணை எங்கள் பக்கத்தில் அழுது மறந்துவிட மாட்டார்கள். வீட்டுத் தெய்வமாக வைத்துக்கொள்வார்கள். உள்ளறை உத்திரத்தில் ஓலைப்பெட்டி ஒன்று தொங்கும். அதற்குள் பாவாடை, தாவணி, வளையல், கண்மை, குங்குமம். ஒவ்வொரு தை மாதமும் பழையதை எடுத்துவிட்டுப் புதியது வைப்பார்கள். மாரீஸ்வரிக்கு இப்போது அறுபது தாண்டியிருக்க வேண்டும். இன்னும் தாவணிதான் எடுக்கிறோம்.

பெட்டிக்குக் கீழே அவள் படம். உயிரோடு இருந்தபோது அவளை யாரும் போட்டோ எடுக்கவில்லையாம். மூத்த அண்ணன் சீனிச்சாமி அப்போது பட்டாளத்தில் இருந்தார். அவள் செத்த மறு வருஷம் லீவில் வந்தபோது இந்தப் படத்தைக் கொண்டுவந்து மாட்டினார். பட்டாளத்தில் ஒரு வங்காளி இருந்தார், நான் அடையாளம் சொல்லச் சொல்ல அவர் வரைந்தார் என்று சொன்னார். வீட்டில் எல்லோருக்கும் அது மாரீஸ்வரியேதான். அதே மூக்கு, அதே தாடை. காற்றில் பறக்கிற கூந்தல், மேலே சுற்றிப் பறக்கிற துணி. கண்ணைத் தாழ்த்தியிருப்பாள். அவள் தோளில் ஒரு கை இருக்கும், கையின் சொந்தக்காரர் படத்தில் இருக்க மாட்டார். அது ஆண்டாளின் கை, தாயார் அவளை அணைத்துக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று என் மாமியார் சொல்வார். தன் மாப்பிள்ளையைத் தானே பார்த்துக்கொண்டவள் ஆண்டாள். அவளை எங்கள் வீட்டுக் கல்யாண விஷயத்துக்குள் எந்தத் தைரியத்தில் கொண்டுவந்தார்கள் என்று நான் பல தடவை நினைத்ததுண்டு.

நான் ஆங்கில இலக்கியம் நடத்துகிறவள். வீட்டில் எனக்குப் பெயர் 'டீச்சர்'. பேராசிரியை என்று ஒரு தடவைகூட யாரும் சொன்னதில்லை. கல்யாணமாகி வந்த வாரமே படத்தைப் பார்த்தேன். படத்தில் இருந்தவை பென்சில் கோடுகளாகத் தெரியவில்லை. மயிரிழை மாதிரி நெருக்கமாக, அச்சடித்த கோடுகள். இதைப் போய் மாமியாரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். திருநீறு பூசிக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அதன் பிறகு கண்ணாடிமேல் சந்தனமும் குங்குமமும் விளக்குப் புகையும் ஏறி ஏறி, எனக்கும் அவள் மாரீஸ்வரியாகவே ஆகிப்போனாள்.

எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணமும் கன்னியைக் கேட்காமல் நடக்காது. செவ்வரளிப் பூ ஒரு வாழையிலைத் துண்டில், வெள்ளை நந்தியாவட்டை இன்னொரு துண்டில். இரண்டையும் ஒரே மாதிரி மடித்துக் கட்டிப் படத்துக்கு முன்னால் போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் அந்தப் பேச்சே முடிந்தது, திரும்ப யாரும் வாயைத் திறக்கக் கூடாது. என் கொழுந்தனார் முத்துப்பாண்டியின் மகளுக்கு வந்த நல்ல வரன் ஒன்று அப்படிச் சிவப்பில் போனது. அந்த மாப்பிள்ளை இப்போது கனடாவில் இருக்கிறான் என்று அவர் மனைவி ஒவ்வொரு விசேஷத்திலும் பெருமூச்சு விடுவாள். கன்னியை மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டாள்.

இந்தத் தை வெள்ளியில் கேட்க வேண்டியது என் மகள் பானுப்பிரியாவுக்காக.

பானு மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே லேபில் வேலை பார்க்கும் இசக்கிமுத்துவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்கிறாள். தேவதானத்துப் பையன். நல்ல பையன், ஆனால் எங்கள் ஆட்கள் இல்லை. எங்கள் வீட்டில் 'ஆனால்' என்ற சொல்லுக்குப் பிறகு யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். என் கணவர் ஆண்டிச்சாமி சப்-இன்ஸ்பெக்டர். ஊரில் இருக்கிற சண்டையெல்லாம் விலக்கி வைப்பார். வீட்டுக்கு வந்தால், "அண்ணன் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு பெல்ட்டைக் கழற்றுவார். அண்ணன் சீனிச்சாமி, கன்னி சொன்னால் சரிதான் என்றார். ஒரு வருஷமாக இவர்களுக்கு நடுவில் போய்ப் போய் வந்து எனக்குக் கால் ஓய்ந்துவிட்டது. வாயும் ஓய்ந்துவிட்டது.

பானுவிடம் ஒருநாள் போனில் கேட்டேன், சிவப்பு வந்தால் என்ன செய்வாய் என்று. அப்போதுதான் டூட்டி முடிந்து வந்திருந்தாள். குரலில் ஒரு உணர்ச்சியும் இல்லை.

"ஒண்ணும் பண்ண மாட்டேம்மா. ஓடிப் போக மாட்டேன். வேற யாரையும் கட்டிக்கிடவும் மாட்டேன். வேலைக்குப் போவேன், வருவேன். அம்புட்டுதான்."

அவள் அழுதிருந்தால்கூட நான் தேற்றியிருப்பேன். அந்த 'அம்புட்டுதான்' எனக்குப் பயமாக இருந்தது. இருபத்தாறு வயதில் ஒரு பெண்ணுக்கு இவ்வளவு களைப்பு வரக் கூடாது.

இந்த நேரம் பார்த்துத்தான் எலியை விரட்டிய பூனை ஒன்று உள்ளறையில் பாய்ந்து படம் கீழே விழுந்தது. கண்ணாடி குறுக்கே கீறிவிட்டது. கெட்ட சகுனம் என்று முத்துப்பேச்சி அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை. உடைந்த கண்ணாடிக்கு முன்னால் பூப் போடக் கூடாது என்று முடிவாயிற்று. அந்தப் படத்தை யாரையும் தொட விடாத சீனிச்சாமி பெரியத்தான், தாமே அதை வேட்டித் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

"டீச்சரு, ராஜபாளையத்துல கடை இருக்குல்லா. கண்ணாடிய மட்டும் மாத்தச் சொல்லு. பின்னால அட்டையப் பிரிக்க வேண்டாம்."

ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிரேம் கடை இருக்கிறது. அவரிடம் அதை யார் கேட்பது.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சேக் முகைதீன் பாயின் கடை. சுவர் முழுக்க முருகனும், பெருமாளும், மக்காவும், மாலை போட்ட காலஞ்சென்றவர்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பெரியத்தான் சொன்னதை அப்படியே பாயிடம் சொன்னேன். அவர் என்னை மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"அட்டையப் பிரிக்காம கண்ணாடிய எப்படிம்மா மாத்துறது? சட்டையக் கழட்டாம பனியன மாத்தச் சொல்லுதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிரியுங்கள் என்றேன்.

ஆணிகள் துருப்பிடித்து உதிர்ந்தன. அட்டைக்கு அடியில் பழுப்பேறிய இந்திப் பத்திரிகைத் தாள். அதை எடுத்தபோது படம் கையில் வந்தது. தடித்த பழைய தாள். நான் நினைத்ததைவிடப் பெரியது. பின்பக்கம் பாதி மடிந்து கிடந்தது. பாய் மேசையைத் துடைத்து, அதைக் குப்புறப் போட்டு, உள்ளங்கையால் கொஞ்சம் கொஞ்சமாக நீவி மடிப்பை விரித்தார். பிறகு திருப்பிப் போட்டார்.

அந்தப் பாதியில் ஒரு ஆண் இருந்தான்.

இளவயது. அவனுடைய முகம் முழுக்க அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவன் கைதான் அவள் தோளில் இருந்தது. ஆண்டாளின் கை என்று மூன்று தலைமுறை கன்னத்தில் போட்டுக்கொண்ட கை. அவளும் கண்ணைத் தாழ்த்தியிருக்கவில்லை. அவன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரையும் சுற்றிக் காற்று, கோடு கோடாகச் சுழன்றது. அந்தக் காற்றுக்குள் தூரத்தில் இன்னும் எத்தனையோ ஜோடிகள். அடியில் பொடி எழுத்தில் வரைந்தவர் பெயரும், செப்புத் தகட்டில் செதுக்கி அச்செடுத்தவர் பெயரும், ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் என்று ஒரு வருஷமும் இருந்தன. பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்றிலிருந்து வெட்டிய பக்கம்.

பாய் ஸ்டூலைத் தள்ளினார், உட்கார்ந்தேன்.

இந்தக் காட்சியை நான் வருஷா வருஷம் நடத்துகிறேன். பத்து மார்க் கேள்வி. எழுநூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலியில் எழுதிய நீளமான கவிதை. அதில் ஒருவன் உயிரோடு நரகத்துக்குள் நடந்து போகிறான். அங்கே ஓரிடத்தில் ஓயாத புயல். கூடாத காதலால் செத்தவர்களை அந்தப் புயல் சுழற்றிக்கொண்டே இருக்கும். ஒரு நொடி நிற்க விடாது. வீட்டு ஆளே கொன்றுபோட்ட ஒரு பெண்ணும் அவள் காதலனும் அதில் ஒன்றாகப் பறந்து வருவார்கள். இருநூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவின் ஓவியர்களுக்கு இந்த ஜோடிமேல் ஒரு பைத்தியமே இருந்தது, ஆளாளுக்கு வரைந்து தள்ளினார்கள். வகுப்பில் புரொஜெக்டரில் இப்படி எத்தனையோ படங்களைக் காட்டியிருக்கிறேன். அதில் ஒன்றை என் வீட்டுப் பூஜையறையில் வைத்துக்கொண்டு, பாதி மறைந்திருந்ததால் தெரியாமலே கும்பிட்டிருக்கிறேன்.

"தெரிஞ்ச படமா?" என்றார் பாய்.

"வீட்டுப் படம்" என்றேன்.

அவர் மடிப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "இத மறுபடி மடிச்சா கிழிஞ்சிரும்மா. இப்பவே விட்டுப்போச்சு. ஒண்ணு, விரிச்சுப் பெரிய பிரேமாப் போடணும். இல்லேன்னா இவனை வெட்டி எடுத்துறணும். நாளைக்குச் சொன்னாலும் போதும்."

நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று ராஜபாளையத்தில் எங்கள் வீட்டில் சமைக்கவில்லை. பரோட்டா வாங்கி வைத்துவிட்டுப் படுத்தேன். வெட்டச் சொல்லிவிட்டால் ஒரு வம்பும் இல்லை. வெள்ளிக்கிழமை பூப் போடுவார்கள், எதுவோ ஒன்று வரும், எதுவானாலும் தலையாட்டிவிட்டு வரலாம். அவ்வளவு அலுப்பு எனக்கு. ஆனால் ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அவனை மடித்தது யார்? வங்காளி வரைந்தார் என்று பொய் சொன்னவர்தான். எதற்கு மடித்தார்? கன்னிப் பெண் பக்கத்தில் ஆம்பளை எதற்கு என்றா? அப்படியானால் கத்தரிக்கோலை எடுத்து வெட்டியிருக்கலாமே. பட்டாளத்தில் அதற்குக் கூடவா வசதி இல்லை. வெட்ட மனசு வராமல் மடித்து வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் அந்த மடிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணியாட்டியிருக்கிறார். அதை இப்போது வீட்டிலேயே இங்கிலீஷ் இலக்கியம் படித்த ஒரே ஆளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

இதையெல்லாம் அவர் யோசித்துச் செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறுநாள் கல்லூரி முடிந்து கடைக்குப் போனேன்.

"விரிச்சே போடுங்க பாய்."

வெள்ளிக்கிழமை பானு மதுரையிலிருந்து நேராக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. என் கணவருக்கு பந்தோபஸ்து, வர முடியவில்லை. உள்ளறையில் கோலம் போட்டு, ஓலைப்பெட்டியை இறக்கி, புதுத் தாவணி மடித்து வைத்திருந்தார்கள். பித்தளைத் தட்டில் இரண்டு பொட்டலங்கள் தயாராக இருந்தன. எடுப்பதற்கு முத்துப்பாண்டியின் பேத்தியைக் குளிப்பாட்டிப் பாவாடை கட்டி உட்கார வைத்திருந்தார்கள்.

நான் துணியைப் பிரித்துப் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். பழைய ஆணியில் அது நிற்காது, அவ்வளவு பெரிது.

முத்துப்பேச்சி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"யாருட்டி இந்த ஆம்பளை?"

"படத்துல இருந்தவன்தான் அக்கா. பின்பக்கம் மடிச்சு வச்சிருந்துச்சு. மறுபடி மடிச்சா கிழிஞ்சிரும்னு பாய் சொன்னாரு."

முத்துப்பாண்டி கொழுந்தனார் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது நம்ம கன்னி படமே இல்ல. மதினி வேற படத்த மாத்திக் கொண்டாந்திருக்காவ. ஏதோ வெள்ளக்காரன் படம். மவளுக்காக எம்புட்டுத் தூரம் போயிருக்காவ பாருங்க."

பானு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அவளுக்கும் சந்தேகம் இருந்தது, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் இந்த வீட்டில் பாத்திரம் கழுவியிருக்கிறேன். சாமி படத்தைத் திருடி மாற்றியவள் என்று ஒரே நிமிஷத்தில் ஆகிவிட்டேன். நான் எது சொன்னாலும் எடுபடாது. இல்லை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்கதான் சொல்லணும் பெரியத்தான்" என்றேன்.

சீனிச்சாமி பெரியத்தான் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் அவர்மேல் நம்பிக்கை இல்லை. ஆமாம், இது வேற படம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மகளின் வாழ்க்கையும் என் பேரும் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். அவர் சொல்லக்கூடியவர்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். மூட்டு வலிக்காரர், தரையில் உட்கார்ந்து வருஷக்கணக்காகிறது.

"மாத்தல" என்றார். "நான் மடிச்சதுதான்."

"வங்காளி வரைஞ்சான்னு சொன்னீங்களேண்ணே" என்றார் முத்துப்பாண்டி.

"வங்காளியுமில்ல, ஒருத்தனுமில்ல. ஆபீசர் மெஸ்ல பழைய புஸ்தகமெல்லாம் எரிக்கச் சொல்லிக் குடுத்தாவ. அதுல இருந்துச்சு. பாத்ததும் மாரின்னு தெரிஞ்சது. அவனையும் பாத்தேன்."

"எவன?"

"மில்லுல வேல பாத்தானே, அவன்." அவர் பெயர் சொல்லவில்லை. "பேரு எதுக்கு. இருக்கான். பேரன் பேத்தி எடுத்துட்டான். நான் லீவுல வந்திருந்தப்ப மாரி எங்கிட்டதான் வந்து சொன்னா. அய்யாகிட்டச் சொல்லப் பயம் அவளுக்கு. அண்ணன் பட்டாளத்துல இருக்கான், நாலு ஊரு பாத்தவன், புரிஞ்சுக்கிடுவான்னு நெனச்சிருக்கா. நான் வேண்டாம்னுட்டேன். ஒத்தை வார்த்தை. அதுக்கு மேல ஒண்ணும் பேசல, அடிக்கக்கூட இல்ல. ரயிலேறிப் போயிட்டேன். பொறவு தந்திதான் வந்துச்சு."

"காமாலைன்னு..." என்று ஆரம்பித்த முத்துப்பேச்சி அக்கா நிறுத்திக்கொண்டாள். அவளுக்கும் இது புதுசு. நாற்பது வருஷத்துக்கு மேல் கூடவே படுத்து எழுந்தவளிடம் அவர் சொல்லவே இல்லை.

"காமாலைன்னு சொன்னது அய்யா. கெணத்துலதான் கெடந்தா."

பின்கட்டுக் கிணறு மூடிக் கிடப்பதற்கு எனக்குச் சொல்லப்பட்ட காரணம் தண்ணீர் உப்பு என்பது. பானு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியத்தான் என் பக்கம் திரும்பினார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை எல்லாம் உத்தரவுகள்.

"டீச்சரு. நீ படிச்சிருப்பியே. இவிய ரெண்டு பேரும் எங்க போறாவ?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சொர்க்கத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லவும் தெம்பு இல்லை.

"நரகத்துல இருக்காவ பெரியத்தான். காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். எங்கயும் நிக்க முடியாது. சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"நரகத்துப் படத்தையா இத்தன வருசம் கும்பிட்டோம்" என்று முத்துப்பேச்சி அக்கா மெதுவாகச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.

பெரியத்தான் அதைக் காதில் வாங்கவில்லை. "சேந்தேதான் இருக்காவளா?" என்றார்.

"ஆமா. அவளைப் பிடிச்ச கைய அவன் எடுக்கிறதே இல்ல. அப்படித்தான் எழுதியிருக்கு."

அவர் தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். "நம்ம மாரி தனியாத்தான் போனா" என்றார்.

எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே விட்டுப்போனது. விட்டுப்போனது என்றால் மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. மாரீஸ்வரிக்காக வயிறு எரிந்தது. இந்த மனிதரும் நாற்பது வருஷம் இதைச் சுமந்து சுமந்து ஓய்ந்துபோயிருக்கிறார் என்று தெரிந்தது. களைத்த ஆளைக் களைத்த ஆளுக்குத் தெரியும்.

சிறு பிள்ளை தட்டையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தது. "எடுக்கவா?" என்று கேட்டது. நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று முத்துப்பாண்டியும் சொன்னார். என்ன இருந்தாலும் கன்னி கன்னிதான், வந்த காரியத்தை முடிப்போம் என்றார்.

பெரியத்தான் கையை நீட்டித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்."

"அவகிட்டக் கேக்காம எப்படிண்ணே?"

"அன்னைக்கு அவகிட்ட யாருலே கேட்டா?"

பொட்டலங்கள் தட்டிலேயே கிடந்தன. எதில் எந்தப் பூ இருந்தது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

"பானு, இங்க வா" என்றார் பெரியத்தான். அவள் போய் அவர் முன்னால் உட்கார்ந்தாள். "நான் கேக்கேன். அந்தத் தேவதானத்துப் பையனத்தான் கட்டணுமா ஒனக்கு?"

"ஆமா பெரியப்பா."

"நல்லா யோசிச்சிட்டியா?"

"யோசிச்சு யோசிச்சு ஓஞ்சு போயிட்டேன் பெரியப்பா" என்றாள் பானு. இந்த ஒரு வருஷத்தில் அவள் குரல் உடைந்தது அப்போதுதான்.

அவர் அவள் தலையில் கை வைக்கவில்லை. ஆசீர்வாதம் எதுவும் செய்யவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எனக்குப் பிடிக்கல. இப்பவும் பிடிக்கல. கல்யாணத்துக்கு வருவேனான்னு கேக்காத, தெரியாது. ஆனா வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஒரு தடவ சொன்னது போதும்."

பிறகு எழுந்திருக்கப் பார்த்தார், முட்டி நிமிரவில்லை. பானு ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். அவர் உடம்பு நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது.